சர்டிபிகேட் நம்பரை யாரும் கேட்கவில்லை

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நகைக்கடையின் வைரக் கவுன்டரில் பத்தொன்பது வருஷம் நின்றேன். வைரம் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் கல்லைப் பார்த்ததே இல்லை. விலையைப் பார்ப்பார்கள், கண்ணாடியில் கையைப் பார்ப்பார்கள், "இன்னா ஃப்ரீ தர்றீங்க?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரகாஷ் அந்த வகை. பக்கத்தில் நந்திதுர்க்கில் வீடு, பெங்களூருவில் வேலை. நிச்சயம் செய்திருந்த கவிதாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பைக்கை விற்ற காசு கையில் இருந்தது.

"பெருசா காட்டுங்கக்கா. ஆஃபீஸ்ல பாக்கறவன் வாயப் பொளக்கணும்."

"கேரட்னா எடைதான் தம்பி. கட், அதான் பட்டை தீட்டறது, சரியில்லன்னா பெரிய கல்லும் மங்கித்தான் தெரியும்."

இரண்டு மோதிரங்களை வாசல் வெளிச்சத்துக்கே எடுத்துப்போய்க் காட்டினேன். பெரியது மங்கலாக இருந்தது. சின்னது பளிச்சென்று மின்னியது. கவிதா சின்னதைக் கேட்டாள். பிரகாஷ் முணுமுணுத்துக்கொண்டே தலையாட்டினார்.

சர்டிபிகேட் கார்டையும் லென்ஸையும் அவர் எதிரில் வைத்தேன். "கல்லோட ஓரத்துல லேசர்ல நம்பர் போட்டிருக்கும். கார்டு நம்பரோட ஒத்துப் பாத்துக்கங்க."

"அத நீங்க பாத்திருப்பீங்கல்ல? செய்கூலில எவ்ளோ குறைப்பீங்க, அத சொல்லுங்க."

மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் செய்கூலிக்கே வந்தார். கடைசியில் முதலாளி குரல் கொடுத்தார்: "ஸ்டெல்லாம்மா, அவரே வேணாங்கிறார், நீங்க இன்னாத்துக்கு இழுத்துக்கினு கீறீங்க? கூட்டம் நிக்குது பாருங்க."

எப்படியோ போங்கள் என்று பில் புத்தகத்தை எடுத்தேன்.

"குடுங்கக்கா, நான் பாக்கறேன்" என்றாள் கவிதா. ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்பவள், லென்ஸ் பிடிக்கத் தெரிந்த கை. வெகுநேரம் பார்த்தாள். "கடைசி ரெண்டு நம்பர் வேற கீதுக்கா."

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதே தட்டில், அதே எடையில் இன்னொரு மோதிரம் இருந்தது. இந்தக் கல்லின் கார்டு அதோடு கிடந்தது. இவர்கள் வாங்க இருந்தது கலரில் இரண்டு படி மட்டமான கல். விலையை நாங்கள் கார்டைப் பார்த்துத்தான் போடுவோம். நல்ல கல்லின் விலைக்கு மட்டக் கல்லைக் கொடுத்திருப்பேன்.

"ஏமாத்தலாம்னு பாத்தீங்களா?" பிரகாஷ் கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். காலையில் தட்டைத் துடைத்துக் கார்டுகளைத் திருப்பி வைத்தது நான்தான். வேறு யாரும் தொடவில்லை.

"தப்பு என்னுது தம்பி. மாத்தி வச்சிட்டேன்."

"அப்போ இந்தத் தட்டு முழுக்க எங்க முன்னாடியே பாருங்க" என்றாள் கவிதா, கோபமே இல்லாமல்.

பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆனது. பொறுக்காமல் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். கவிதா சரியான கல்லை, சரியான கார்டோடு வாங்கிக்கொண்டு போனாள். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிரகாஷ் மேல் எனக்கு இருந்த எரிச்சல் அன்றே என் பக்கம் திரும்பிவிட்டது. அவரைப் பார்க்கச் சொல்லி மூன்று முறை கத்திய நான், ஒரு முறைகூட லென்ஸை என் கண்ணில் வைக்கவில்லை. அதன் பிறகு, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், நம்பரை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பில் போட்டேன்.

வைரம் வாங்கப் போகிறவர்கள் விற்பவரின் முகத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். என்னுடையதும் நம்பும்படியான முகம்தான்.