நம்மூர் வாடை அடிக்கும் ஆங்கிலம்

குன்னம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொண்டு பதில் எழுத வேண்டும் என்று துறையிலிருந்து எங்களுக்கு வந்த ஒலிப்பதிவில் ஓர் அம்மாள் பனிச்சறுக்குக்குப் போகிறார். அதைப் போட்டால் பிள்ளைகள் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். விடைத்தாள் வெள்ளையாகவே திரும்பி வரும். "இங்கிலீஷெல்லாம் நமக்கு வராது டீச்சர்" என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். பதின்மூன்று வயதில் அவள் அப்படி முடிவு கட்டிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நானே தயாரிப்பதென்று இறங்கினேன். வகுப்பறையில் ஒரே எதிரொலி. சத்துணவு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே செல்போனை வைத்துப் பேசினால் குரல் சுத்தமாக விழுந்தது. வராத பெரம்பலூர் பஸ், மழைக்கு முன்னால் மக்காச்சோளத்தை மூடுவது, சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் செருப்பைத் தொலைப்பது என்று சின்னச் சின்ன உரையாடல்கள். முதல் பதிவில் மட்டும் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். நாக்கைச் சுழற்றி வெள்ளைக்காரி மாதிரி பேசி வைத்தேன். "யாரு டீச்சர் அந்தம்மா?" என்று வகுப்பே கேட்டது. எனக்கு மானம் போயிற்று. அன்றே அதை அழித்துவிட்டு, நான் பேசுகிற மாதிரியே பேசினேன். பஸ் உரையாடலில் கணக்கு சார் கண்டக்டரானார்.

ஆடி மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, பஸ் பதிவைக் கேட்டு முகம் சுளித்தார்.

"என்னங்க இது, நம்மூரு வாடை அடிக்குது. எல்லாத்தயும் அழிச்சிட்டு, வந்ததையே போடுங்க."

"புள்ளைங்களுக்குப் புரியுதான்னு கேட்டுப் பாருங்க சார்."

கடைசி பெஞ்சுப் பெண்ணை எழுப்பி, பதிவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மாளுக்கு ஏன் கோபம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் திக்கித் திணறி, ஆனால் ஆங்கிலத்திலேயே, பஸ் பஞ்சர், ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளம்பிவிடுவார் என்று சொல்லி முடித்தாள்.

"புரியுது, சரி. உச்சரிப்பு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நீங்க கேட்ட கேள்வியும்தான் அவளுக்குப் புரிஞ்சிச்சு சார். நீங்களும் எங்கள மாதிரிதான பேசுனீங்க?"

அவர் பார்வைக் குறிப்பேட்டில் 'பதிவுகளை நீக்கவும்' என்று எழுதினார். பேனாவை வாங்கி அதன் கீழேயே எழுதினேன்: 'நீக்க மாட்டேன். பேசியது நான்.' கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த பதிவில் பேசியது அந்தக் கடைசி பெஞ்சுப் பெண். அதை அழிக்கச் சொல்லி எவர் வேண்டுமானாலும் வரட்டும்.