சாய்ரா கடையின் கேமரா டிஸ்க்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குக் கேபிள் மாற்றியது.

ஞாயிறு மதியம். நாரின் நகரச் சந்தையில் ஓர் இரும்புக் கன்டெய்னர்தான் அவருடைய பழுது பார்க்கும் கடை. வெளியே மைனஸ் இருபத்தாறு. நான் டார்ச் பிடித்தேன். அவர் ஸ்க்ரூடிரைவரின் முனையை டிஸ்க்கின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். முதலில் கேபிள், அடுத்து மின் இணைப்பு, அதன் பிறகுதான் டிஸ்க்கின் மேல் சந்தேகம். அவர் வரிசை அது.

"போடவா?"

"இரு, இரு. ஒரு மூச்சு விட்டுக்கறேன்."

"அப்பா, டிஸ்க்குக்குத்தான் கரண்ட் குடுக்கறோம். உங்களுக்கு இல்ல."

"பேங்க்ல வேல பாக்கறவ நீ. அங்க ஒரு டிஸ்க் போனா இன்னொண்ணு சுத்திக்கிட்டு இருக்கும். இங்க வர்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான்டி."

போட்டேன். டக், டக், டக். பிறகு சீரான இரைச்சல். "சுத்துது" என்றார். அந்தக் குளிரில் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

டிஸ்க் ஆட்-பாஷி என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் சாய்ராவுடையது. ஜனவரி இரண்டாம் தேதி ஊருக்கு வெளியே ஏழு குதிரைகள் களவு போயின. மதியம் இரண்டரைக்கு மேய்ப்பன் தேநீர் குடிக்க உள்ளே போனான். மூன்றரைக்கு வந்து பார்த்தால் குதிரைகள் இல்லை. சாய்ராவின் மகன் குபாத்தைப் போலீசார் பிடித்துப் போனார்கள். அந்த நேரத்தில் அவன் கடையில் மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் என்றாள் சாய்ரா. தாய் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் கடை வாசலில் கேமரா இருந்தது.

அதன் பதிவுப் பெட்டி இருபது நாள் படங்களைத்தான் வைத்திருக்கும். பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும். இது அவளுக்குக் களவு நடந்த பதினெட்டாம் நாள்தான் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். உள்ளூர் மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றி, இரவு முழுக்கத் தன் வண்டியிலேயே விட்டுவிட்டான். விறைத்துப் போய்த் திரும்பி வந்ததை, குளிரில் பிறந்த ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றுவதைப் போலத் தோலில் சுற்றி அடுப்போரம் வைத்தாள். உள்ளுக்குள் ஈரம் கோத்துக்கொண்டது. அந்த ஈரத்தோடு மெக்கானிக் மின்சாரம் கொடுத்துப் பார்த்தான். டக் டக் அப்போது ஆரம்பித்தது.

"பாலும் புகட்டுனியா?" என்று கேட்டாராம் அப்பா.

"கேலி பண்ணாதீங்க பைக்கே. என் புள்ள உள்ள இருக்கான்" என்றாளாம். அண்ணனுக்கு இங்கே பைக்கே.

"குளிர்ல வந்தது விருந்தாளி மாதிரி, சாய்ரா. வந்த உடனே வேல வாங்கக் கூடாது. உக்கார விடணும்."

ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு தகரப் பெட்டியில் மூன்று நாள் உட்கார வைத்தார்.

அப்பாவின் பெயர் ஒரோசாலி. இருபத்திரண்டு வருடம் வானிலை நிலையத்தில் கருவிகளைப் பராமரித்தார். தினமும் வானொலியின் நேர ஒலிக்குக் கைக்கடிகாரத்தைச் சரி வைப்பார். நிலையம் மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பயந்த மனிதர். முன்பு அப்படி இல்லை. 2009இல் ஒரு புகைப்படக்காரரின் டிஸ்க்கைச் செருகியபோது, பிழை இருக்கிறது, சரி செய்யவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினார். பத்து வருடத் திருமணப் படங்கள் போயின. நாற்பது வீடுகளுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு எந்த டிஸ்க்கிலும் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. முதலில் நகல். எது செய்தாலும் நகலில்தான்.

ஞாயிறு அன்றே சாய்ரா போன் செய்தாள். புதன் மதியம் இரண்டு மணிக்கு ஆட்-பாஷி கோர்ட்டில் விசாரணை.

"நீங்களே வந்து சொல்லுவீங்கல்ல?"

"வர்றேன். அதுல என்ன இருக்கோ அதச் சொல்லுவேன். இல்லாதத சொல்ல மாட்டேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோர்ட் வாசல்ல என் காலு நிக்குமான்னு தெரியல பெர்மெத்."

டிஸ்க் மெதுவாகத்தான் படித்தது. நகல் முடிய மூன்று நாள் ஆகும் என்றது திரை. "நடுவுல நிறுத்தாத. நின்னா மறுபடி சுத்தாது" என்றார். திங்கள் விடிந்ததும் பார்க்கப் போனார். ஒன்பது மணிக்கு, திரும்பி வரும் வழியில், சந்தையின் பின்வாசல் பனிக்கட்டியில் விழுந்தார். இதயம். தூக்கியவர்கள் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். உள்ளே அப்பா. சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். என் வாய் அழுதது. காது அந்த டிஸ்க்கின் இரைச்சலையே தேடியது. குளிர்காலத்தில் இங்கே மின்சாரம் சொல்லாமல் போகும். கடையில் யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும்.

செவ்வாய் காலை பதினொன்றுக்குக் கூடாரத்து விளக்கு அணைந்தது. எழுந்தேன். வாசலில் சித்தப்பா தொக்தோசுன் மறித்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"கடைக்கு. பத்து நிமிஷம்."

"அப்பன் உள்ள கெடக்கான். நீ இரும்புப் பெட்டியப் பாக்கப் போறியா? ஊரு என்ன சொல்லும்?"

"அவர் ஓட விட்டுட்டுப் போனது சித்தப்பா."

அவர் வழிவிடவில்லை. சுற்றிக்கொண்டு ஓடினேன்.

யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. திரையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நகல் பாதியைத்தான் தாண்டியிருந்தது. ஆனால் அப்பா ஜனவரி இரண்டைத்தான் முதலில் எடுக்க வைத்திருந்தார். அது முழுதாக வந்திருந்தது. யுபிஎஸ் தீரும் முன் முறையாக நிறுத்தினேன். டிஸ்க் இரண்டு முறை தட்டிவிட்டு அடங்கியது. இனி அது சுற்றாது.

மடிக்கணினியில் நகலைத் திறந்தேன். கடை வாசல். குபாத். தோளில் மாவு மூட்டை. மூலையில் நேரம்: 2:10. கடைசி மூட்டை 3:40. திங்களிலிருந்து அப்போதுதான் உண்மையாக அழுதேன்.

நிறுத்திய விவரத்தை எழுத அவருடைய கட்டம் போட்ட நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கம் அவர் கையெழுத்தில் இருந்தது.

"திங்கள், 8:10. பையன் இருக்கிறான். வாசல் தூணின் நிழல் மிக நீளம். இரண்டு மணிக்கு இவ்வளவு வராது. பனிமேட்டுச் சரிவில் விழுவதால் நீண்டிருக்கலாம். பெட்டியின் கடிகாரம் பின்தங்கியும் இருக்கலாம். புதன், விசாரணைக்கு முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெட்டியில் இணையக் கம்பி செருகக் கூடாது, கடிகாரம் தானே திருத்திக்கொள்ளும்."

மறுபடி படத்தைப் பார்த்தேன். நிழல் சாலை வரை கிடந்தது. உண்மையில் மணி நான்கு என்றால், குதிரைகள் போன நேரத்தில் குபாத் எங்கே இருந்தான்?

சாய்ராவுக்குப் போன் செய்தேன்.

"கேள்விப்பட்டேன் பெர்மெத்" என்றாள். "இந்த நேரத்துல அத எப்படிக் கேக்கறதுன்னு வாய் வரல."

"எஜே, அந்தப் பெட்டிய மறுபடி ப்ளக்ல சொருகுனீங்களா?" என்றேன். அக்காவுக்கு இங்கே எஜே.

"இல்லம்மா. தொடாதன்னாரே உங்கப்பா. போர்வ போட்டு மூடி வெச்சிருக்கேன்." பிறகு கேட்டாள்: "என் புள்ள அதுல இருக்கானா?"

"இருக்கான், எஜே."

அவள் அழ ஆரம்பித்தாள். நிழலைப் பற்றி நான் சொல்லவில்லை.

புதன் காலை பத்து மணிக்கு ஆண்கள் அப்பாவைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. குளிப்பாட்டியவர்கள் அவர் கைக்கடிகாரத்தை என்னிடம் தந்திருந்தார்கள். வானொலியோடு ஒப்பிட்டேன். இரண்டு நாள் யாரும் தொடாமலே, ஒரு நொடி பிசகவில்லை. அதைக் கையில் கட்டி, நகலையும் நோட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆட்-பாஷி போகும் ஷேர் வண்டியில் ஏறினேன்.

"நாலு பேர் சேந்தாத்தான் எடுப்பேன்" என்றார் ஓட்டுநர்.

"நாலு பேர் காசும் நானே குடுக்கறேன். எடுங்க."

"அப்படி என்னம்மா அவசரம்?"

"ஒரு கடிகாரத்த சரிபாக்கணும். எங்கப்பா போறதா இருந்தாரு."