வெள்ளிக்கிழமை போகாத சிலிண்டர்

என் தங்கை மதிவதனி திருக்காட்டுப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருடம் ஆகிறது. கணவர் வைத்தியலிங்கம் வயலைப் பார்ப்பார். வீட்டையும் வீட்டுக் காகிதங்களையும் அவள் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதியைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பாள். அவள் வீட்டில் ஒரு சிலிண்டர் நாற்பத்திரண்டு நாள் வரும். ஒரு நாள் கூடாது, குறையாது.

கேஸ் தட்டுப்பாடு வந்ததும் பழைய ஏஜென்சியில் பதிவு செய்தால் சிலிண்டர் வர இருபத்தாறு நாள் ஆனது. அதே ஊரில் வேறு கம்பெனி ஏஜென்சி பத்தே நாளில் கொடுத்தது. அங்கே மாறிவிடத் தீர்மானித்தாள். ஆனால் பழைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கினால்தான் புதியவர்கள் சிலிண்டர் தருவார்கள். அவளிடம் இருந்ததோ ஒரே சிலிண்டர். மகள் வானதி பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. வெந்நீரும் பத்தியச் சாப்பாடும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. கடைகளில் கரண்ட் அடுப்பும் தீர்ந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் அங்கே இருந்தபோது, பழைய ஏஜென்சியின் இராஜாங்கம் வண்டியோடு வந்தார்.

"சிலிண்டரக் கழட்டுங்கம்மா. சீட்ட இப்பவே தந்துடறேன்."

புதிய ஏஜென்சிக்கு லோடு எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மதிவதனி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை அடுப்புச் சாமான யாராவது வெளிய அனுப்புவாங்களா? அதுவும் பிள்ள பெத்த வீட்ல."

"இத விட்டா திங்கட்கிழமைதான் வருவேன்."

"திங்கட்கிழமையே வாங்க."

"சாஸ்திரம் பாத்தா கேஸ் வந்துடுமாம்மா?"

"உங்க வீட்டம்மா இன்னிக்கு உப்பு கடன் குடுப்பாங்களான்னு கேட்டுட்டு வந்து பேசுங்க."

அவர் சிரித்துவிட்டார். ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார்.

"அரை மணி முன்னாடிதானே பக்கத்து வீட்டு கமருன்னிஸாவுக்கு உறைமோர் குடுத்த? அது வெள்ளிக்கிழமை இல்லையா?" என்று கேட்டேன்.

"லோடு வரலேன்னு சொன்னா, 'சாயங்காலம் வந்துடும்மா'ன்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிருப்பாருக்கா. வெள்ளிக்கிழமைன்னா எதுத்துப் பேச மாட்டாரு." கதவைக் காட்டினாள். "இன்னிக்கு முப்பத்திமூணாவது நாள். இன்னும் ஒம்போது நாள் கேஸ் இருக்கு."

சனிக்கிழமை லோடு வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் புதிய ஏஜென்சியிலிருந்து, வந்துவிட்டது என்று போன் வந்தது. அவள் சமையலை முடித்து, இரண்டு பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைத்தாள். பத்து மணிக்கு இராஜாங்கம் பழையதை எடுத்துக்கொண்டு சீட்டைக் கொடுத்தார். வைத்தியலிங்கம் அந்தச் சீட்டோடு மொபெட்டில் போய், பன்னிரண்டு மணிக்குள் புதியதைக் கொண்டுவந்து இறக்கினார்.

ஒரு பிளாஸ்க் திறக்கப்படவே இல்லை. அடுப்பைப் பற்றவைத்ததும் முதலில் குழந்தைக்கு வெந்நீர் வைத்தாள். பிறகு பென்சிலை எடுத்துக் கதவில் தேதி எழுதினாள்.

"மணியையும் எழுதுடி," என்றேன்.

பதினொன்று ஐம்பது என்று எழுதினாள்.