ஐந்தாவது நிமிட மணி

மொன்றியலில் எங்கள் இடதுசாரித் தமிழ் அமைப்பின் நினைவுக் கூட்டங்களுக்கு நிரந்தரத் தலைவர் அவர்தான். மடிப்புக் கலையாத சிவப்புச் சட்டை, சாயம் பூசிய தாடி, கையில் ஒரு மேசை மணி. யார் பேசினாலும் ஐந்தாவது நிமிடத்தில் அடித்துவிடுவார். அவருடைய தலைமையுரைக்கு மட்டும் மணி கிடையாது.

கிரெனடாத் தீவின் புரட்சித் தலைவருக்கு இருபதாம் ஆண்டு நினைவுக் கூட்டம் லாசால் பகுதியில் நடந்தது. என்னோடு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்த கிரெனடாப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சிவப்புச் சட்டைக்காரர் புரட்சித் தலைவரின் படத்துக்கு மாலை போட்டு ஒரு மணித்தியாலம் முழங்கினார். அந்தத் தலைவரைக் கொன்றது ஏகாதிபத்தியமே என்று முடித்தார். நான் காதோடு மொழிபெயர்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"கொன்றது அவருடைய சொந்தத் தோழர்கள். வீட்டுக்காவலிலிருந்து அவரை மீட்கப் போன சனத்துக்குள் பள்ளிச் சீருடையோடு நானும் நின்றேன். உடலைக்கூட இன்னும் தரவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

மணி அடித்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"தங்கச்சி, பேச்சாளர் பட்டியலிலை இவவின்ர பேர் இல்லை. இருக்கச் சொல்லுங்கோ."

"அண்ணை, அவ நேரிலை கண்டவ."

"கண்டதெல்லாம் வரலாறில்லை. பேந்து எழுதித் தரட்டும், செயற்குழு பரிசீலிக்கும்."

செயற்குழுவில் மிஞ்சியிருந்தவர் அவர் மட்டும்தான். மற்ற எல்லோரையும் துரோகிகள் என்று நீக்கியிருந்தார். அப்படிப்பட்டவர் எந்த முகத்தோடு அந்தப் படத்துக்கு மாலை போட்டார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அடுத்த கிழமை எனக்கும் நீக்கற் கடிதம் வந்தது. கையெழுத்துக்கு மேலே "தோழமையுடன்" என்று எழுதியிருந்தார்.