நடுங்காமல் பேசிய நாள்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். ஆறு மாதம் முடிந்ததும் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது முதலாளி கையில் இருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் வாயைத் திறந்தாலே என் குரல் நடுங்கும். "இந்தப் பிள்ளைக்குப் பேச வரலையே" என்று அவர் மேனேஜரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். நிமிர்ந்து உட்கார வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், 'நினைக்கிறேன்' என்று சொல்லவே கூடாது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த ஐப்பசியில் மூன்று நாளாக விடாத தூறல். கரிசல் சேறு செருப்போடு கம்பெனிக்குள் வரைக்கும் வந்தது. போன மாதம்தான் ஒரு லோடு நமுத்துப்போய்த் திரும்பி வந்திருந்தது. கூட்டத்தில் முதலாளி என்னைப் பார்த்தார்.

"லாரி நிக்குது. ஏத்திறலாமாம்மா?"

நிமிர்ந்தேன். கொண்டுபோயிருந்த மாதிரிப் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து உரசினேன். குப்பென்று பிடித்தது. "ஏத்தலாம் சார். லோடு நல்லா இருக்கு" என்றேன். குரல் ஆடவே இல்லை. மேனேஜர் லோடு ஏற்றச் சொல்லிப் போன் போட்டார். உள்ளுக்குள் நான் துள்ளினேன்.

டீ வந்தது. டம்ளரின் சூடு கையில் பட்டபோதுதான் மாதிரிப் பெட்டி கிடந்த இடம் நினைவுக்கு வந்தது. அதைக் குடோனிலிருந்து எடுத்தது புதன்கிழமை. அன்றிலிருந்து அது என் மேஜைக்கடியில் யுபிஎஸ் மேலேயே கிடந்தது. நாள் முழுக்கக் கதகதவென்று இருக்கும் இடம். குடோனில் ஈரத் தரையில் அடுக்கியிருந்த பண்டல்களை நான் அதற்குப் பிறகு தொடவே இல்லை.

இப்போது சொன்னால் வேலை இப்போதே போகும். சொல்லாவிட்டால் லோடு திரும்பிவர ஒரு மாதமாகும், அதற்குள் என்னை நிரந்தரம் ஆக்கியிருப்பார்கள். இப்படியெல்லாம் யோசித்தேன் என்று சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருந்தது. "சார்" என்றேன். பழையபடி குரல் நடுங்கியது. "குடோன் பெட்டிய நான் பாக்கல சார். இது யுபிஎஸ் மேல இருந்தது."

முதலாளி எழுந்து குடோனுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். நடுவிலிருந்த பண்டலைப் பிரிக்கச் சொல்லி, ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே தகரக் கூரைக்கடியில் நின்று அவரே உரசினார். முதல் குச்சியின் மருந்து உதிர்ந்தது. இரண்டாவது புகைந்து அணைந்தது. மூன்றாவதை அவர் எடுக்கவில்லை.

"ஏத்தினதை இறக்கச் சொல்லுங்க" என்றார் மேனேஜரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாகத் தெரிந்தது.

"பாக்காமலா அவ்வளவு தைரியமாச் சொன்ன?"

"ஆமா சார்."

"நீ எப்பவும்போல நடுங்கிக்கிட்டுச் சொல்லிருந்தா, நானே ஒருதரம் போய்ப் பாத்திருப்பேம்லா."

வேலை இருக்குமா என்று கேட்காமல், அடுத்த பண்டலைப் பிரிக்கக் குடோனுக்குள் போனேன்.