ஓடும் வண்டியில் ஜெபித்தோம்

2006 நவம்பர் 8, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடாத தூறல். கம்பெனி வேனில் இரும்புலியூரிலிருந்து நாவலூருக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் ஜெபராஜும் நானும் மட்டும். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கம்பெனியில் நான் கணக்குப் பார்த்துவந்தேன். ஜெபராஜ் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

பத்து மணிக்குள் நாவலூரில் இருக்கவேண்டும் என்று முதலாளி விரட்டியிருந்தார். அந்த அவசரத்தில் பயண ஜெபத்தை விட்டுவிட்டோம். ஜெபராஜ் சீட் பெல்ட்டும் போடவில்லை. "சட்டை கசங்குது அய்யா" என்பான். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் அவனுக்கு உறுத்தியது.

"அய்யா, ஜெபம் பண்ணாம வந்துட்டோமே. நீங்க பண்ணுங்க, நான் ஓட்டிகினே கேக்குறேன்."

நான் கண்களை மூடி, வண்டியை ஆண்டவர் கரத்தில் ஒப்புக்கொடுத்தேன். சபைப் பழக்கம், அவனும் கண்களை மூடிவிட்டான். சாலையோரம் பழுதாகி நின்ற தண்ணீர் லாரியின் பின்னால் மோதினோம்.

பெல்ட் போட்டிருந்த எனக்குச் சிராய்ப்புதான். அவன் நெற்றி பிளந்து, ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தான். நான் இறங்கி, போகிற வண்டிகளுக்குக் கை காட்டினேன். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. பாதுகாப்புக் கேட்டு ஜெபிக்கும்போதே இப்படியானால் இனி யாரிடம் கேட்பது? இருந்தும் வேறு வழி தெரியவில்லை. மழையில் நின்று கைகூப்பினேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்."

"பெரியவரே, கண்ணத் தொற! சாமி கும்பிட்டுகினு நின்னா அவன் எப்டி வெளிய வருவான்? தலையப் புடி, ஆடக் கூடாது!"

எதிரிலிருந்த பஞ்சர் கடை பாய். கையில் கடப்பாரை. நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் கதவை நெம்பினார். ஒரு ஷேர் ஆட்டோவின் குறுக்கே போய் நின்று, "மச்சான், அல்லாரையும் எறக்கு!" என்று கத்தினார். ஏழு பேர் மறுபேச்சில்லாமல் மழையில் இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஜெபராஜுக்கு நினைவில்லை. அவன் மனைவி என் முகத்தையே பார்க்கவில்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மூன்றாம் நாள் அவன் கண் திறந்தான். என்னைத் தேடினான்.

"அய்யா, ஆமென் சொல்லிட்டீங்களா?"

"இன்னொரு வாட்டி வண்டியில ஜெபம் பண்ணுங்க, ரெண்டு பேரையும் நடுரோட்ல எறக்கி உடுறேன்" என்றாள் அவன் மனைவி. சொல்லும்போதே விம்மிவிட்டாள்.

அவன் தேறி மறுபடி ஓட்ட வந்த நாள்முதல், சாவி போடுவதற்கு முன்பே எங்கள் ஜெபம் முடிந்துவிடும். அவன் பெல்ட்டை மாட்டும்வரை நான் வண்டியில் ஏறுவதில்லை. வண்டி நகர்ந்தபின் நான் வாய் திறப்பதில்லை. தாமதமானால் முதலாளியின் திட்டை நானே வாங்கிக்கொள்கிறேன்.

அன்பானவர்களே, நின்று ஜெபித்துவிட்டுப் புறப்படுங்கள். கைவிடப்பட்டோம் என்று தோன்றும் இடத்திலும் கர்த்தரைக் கூப்பிடுங்கள். அவர் யாரை அனுப்பினாலும் வந்தவர் சொன்னபடி செய்யுங்கள். பாய் ஒரு டீகூட வாங்கிக்கொள்ளவில்லை. கம்பெனி கொடுத்தது போக, ஆஸ்பத்திரியில் ஸ்தோத்திரத்தோடு நான் கட்டியது இருபத்து மூவாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.