பொட்டு வைக்காத முகம்

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், மீன் ஏலக்கூடத்துச் சுவரில் படம் வரைய எங்கள் ஓவியர் குழு போயிருந்தது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தங்களைப் போல் இல்லாத ஓர் ஊர்க்காரரோடு உட்கார்ந்து பேசி, அவர் முகத்தை வரைய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நான் மதுராந்தகத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். எனக்கு ஜோடியாக வந்தவள் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு திருநங்கை. தன் பெயர் போட்டுச் சுவரில் அவள் வரையப்போகும் முதல் படம். அந்தக் குஷியில் பஸ்ஸில் வழி முழுக்கப் பேசிப் பேசி என் காதைப் புளிக்கவைத்தாள்.

தன் முகத்தை நாங்கள் வரைய, மீன் விற்கும் ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். கருப்பு வெள்ளையில் முகத்தை முடித்துவிட்டு மறுநாள் வர்ணம் சேர்ப்பது என் தோழியின் வழக்கம். சிவப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். சாயங்காலம் பார்த்தால் சுவரில் அச்சு அசலாக அந்த அம்மா. பெருமை தாங்கவில்லை எங்களுக்கு.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கூச்சல். அந்த அம்மாவின் கணவர் சுவருக்கு முன்னால் நின்று சாமியாடாத குறை. பின்னால், கடலுக்குக் கிளம்பிய ஆட்கள்.

"இன்னா வேல பண்ணி வெச்சிகிறீங்க? அவ உயிரோட கீறா! கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாரி வரைஞ்சிகிறீங்க. நெத்தில பொட்டும் இல்ல. நான் இன்னா செத்தா பூட்டேன்? இத்தப் பாத்துட்டு எவன் கடலுக்குப் போவான்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை, அதனால் அந்த வெறும் நெற்றி என் கண்ணை உறுத்தவே இல்லை. அதற்குள் படத்தை அழிக்க ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு வந்துவிட்டார். இதுங்களை எவன் உள்ளே விட்டது என்று என் தோழியைக் காட்டி இன்னொருவர் கேட்டார். அவள் சுவர் போச்சு, அடி வாங்காமல் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் நகரவில்லை. அந்தக் கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நைனா, நான் வூட்ட வுட்டு வந்தப்போ எங்க வூட்ல என் போட்டோவுக்கு மால போட்டாங்க. இன்னிக்கும் தொங்கிகினு கீது. உயிரோட கீறவள படத்துல சாவடிச்சா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். பொட்டு இன்னிக்கு வெக்கலாம்னு இருந்தேன். தப்புதான்."

சத்தம் கேட்டு ஓடிவந்த அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "பெத்தவங்களா போட்டாங்க?" என்றார். தோழி தலையாட்டினாள். அவர் கணவர் பக்கம் திரும்பினார். "நீ ஏணியப் புடிய்யா. ஏய் பொண்ணு, சேப்ப எடு. நீயே வையி, பெருசா வையி."

அவர் முறைத்துக்கொண்டே ஏணியைப் பிடித்தார். அவள் ஏறிப் பொட்டு வைத்தாள். சுண்ணாம்பு வாளி வந்த வழியே போயிற்று, படகுகளும் கிளம்பின.

காலை முழுக்க எனக்குக் கடல் மேலேயே கண். ஏதாவது ஆகிவிட்டால் பழி எங்கள் மேல்தானே? மத்தியானம் எல்லாப் படகும் கரையேறிய பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏணி பிடித்தவர் ஒரு பை நிறையச் சங்கரா மீனைத் தோழியிடம் நீட்டி, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எங்களுக்கு.

இப்போதெல்லாம் யாரை வரைய உட்கார்ந்தாலும், எதைப் பார்த்தால் உங்களுக்குப் பயம் என்று முதலில் கேட்டுவிடுகிறேன், பலரும் "உனக்கு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள், எங்கள் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.